மஞ்சள் துணியில் ஜொகூர்

"எந்த ஸ்டேட்டு?"

நான் கேட்டது இரண்டு முழம் மல்லிகை. அதற்குப் பூக்கடை அக்கா திருப்பிக் கேட்ட கேள்வி இது. மல்லிகைக்கு ஏது மாநிலம்? கேமரன் மலைப் பூவா உள்ளூர்ப் பூவா என்று கேட்கிறாரோ என நினைத்து, "எதுவா இருந்தாலும் வாடாம இருந்தா சரிக்கா" என்றேன்.

"பூவைக் கேக்கல தம்பி. உங்க வீட்டுக்காரம்மா எந்த ஸ்டேட்டுல இருக்காங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவி வெளி மாநிலத்தில் வேலை பார்க்கிறாள் என்று அவரிடம் நான் மூச்சு விட்டதில்லை. அதுவரை முழக் கணக்கைத் தவிர அந்தக் கடையில் நான் பேசியதெல்லாம் "பூ", "எவ்வளவு" என்ற இரண்டே வார்த்தைகள்.

"சட்டைய முன்னாடி மட்டும் அயர்ன் பண்ணியிருக்கீங்க. எத்தனை முழம்னு போனைப் பாத்துப் படிக்கிறீங்க. சண்ட போட்டுப் போயிருந்தா வெள்ளிக்கிழமை பூ வாங்க மாட்டீங்க. மேல போய்ச் சேந்திருந்தா முகமே வேற மாதிரி இருக்கும். அப்ப போஸ்டிங்தான்லா. சபாவா, சரவாக்கா?"

"சரவாக்" என்றேன். வேறென்ன சொல்ல?

எங்கள் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு சீனர் கோப்பிக் கடையை ஒட்டினாற்போல இருந்தது அவர் கடை. கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். ஒரு பலகை, இரண்டு வாளி, மேலே ஒரு குடை, ஆணியில் தொங்கும் மாரியம்மன் படம். அக்காவுக்கு நெற்றி நிறையக் குங்குமம். புடவைக்கு மேல் ஜொகூர் காற்பந்துக் குழுவின் ஜெர்சி, முழங்கால் வரைக்கும் தொங்கும். மழையானாலும் வெயிலானாலும், பூசைக்கு மாலை கட்டும்போதும் அதே ஜெர்சிதான். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை. பூக்கடை அக்கா என்றால் டாக்சிக்காரர்கள் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

அந்த அக்காவிடம் இருந்த வியாதி ஒன்றே ஒன்று. அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் உங்களுக்காக ஆத்தாளிடம் வேண்டிக்கொள்வார். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து படத்துக்குக் கீழே கயிற்றில் தொங்கவிடுவார். காரியம் முடிந்ததும் நீங்கள் வந்து, முடிச்சை அவிழ்த்து, காசைக் கோயில் உண்டியலில் போட வேண்டும். வரவில்லையென்றால் ஆள் அனுப்புவார். எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து ஒரு தாதியைப் பிடித்து, "பிள்ளை பொறந்து பேர் வெச்சாச்சு, முடிச்சு மட்டும் அப்படியே தொங்குது, ஆத்தா என்ன நெனைப்பா?" என்று கேட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். எலும்பைத் தவிர வேறெதையும் நம்பத் தேவையில்லாத தொழில். "அதெல்லாம் வேணாங்கா" என்று அப்போதே சொன்னேன். அக்கா காதில் வாங்கவில்லை. டப்பாவைத் திறந்து காசு தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மாநிலத்துக்கு ஒரு படம் போட்ட புது ஐம்பது காசு நாணயங்கள் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தன. கிளந்தானுக்குப் பட்டம், திரங்கானுவுக்கு ஆமை, சரவாக்குக்கு இருவாச்சிப் பறவை, எங்கள் ஜொகூருக்கு மிளகுக் கொடி. ஊரில் எல்லாரும் அதைச் சேர்த்து வைப்பதா செலவழிப்பதா என்று குழம்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. இந்தக் காசுகளை அச்சடித்ததே தன் வேண்டுதல்களுக்காகத்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

"ஆத்தாளுக்கு நாடு முழுக்கக் கேசு தம்பி. நாம மொட்டையா 'நல்ல வேலை குடு'ன்னு கேட்டா அவ என்ன பண்ணுவா? கைக்கு வந்த எடத்துல குடுத்துட்டுப் போயிடுவா. நம்ம தையல்காரர் மவளுக்கு அப்படித்தான் கட்டினேன். வேலை கெடச்சுச்சு. எங்க? கிளந்தான்ல, தும்பாட்ல! தாய்லாந்து பார்டர்ல! அந்தப் பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வர்றதுக்குள்ள பொங்கல் வந்துரும். தப்பு யாரோடது? என்னோடது. அட்ரஸ் போடாம லெட்டர் அனுப்பினா அப்படித்தான்."

"இப்ப?"

"இப்ப அட்ரஸோட காசு வந்துருச்சுல்ல!"

"அக்கா, ஆத்தாளுக்கு அட்ரஸ் எழுதினாத்தான் தெரியுமா? எல்லாம் தெரிஞ்சவதானே?"

"எல்லாம் தெரியும். டயம் வேணும்ல? படம் இருந்தா சட்டுனு புரிஞ்சுரும்."

இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல என்னிடம் எக்ஸ்ரே மெஷின் இல்லை.

அக்காவின் புது முறை ஊருக்குள் பரவியது. பிள்ளை பினாங்கில் படிக்கப் போகிறதா, பினாங்குக் காசு. கணவர் பகாங்கில் காட்டு வேலைக்குப் போயிருக்கிறாரா, பத்திரமாக இருக்கப் பகாங் காசு. ஆனால் பாதிப் பேருக்கு மேல் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வெளியே போன ஆள் வீடு வந்து சேர வேண்டும். அதற்கு ஜொகூர்க் காசு. ஆக, குளுவாங் முழுவதும் ஜொகூர்க் காசுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. கோப்பிக் கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் சில்லறை வாங்கினால் ஆமையும் பட்டமும் நெற்கதிரும் வரும், மிளகுக் கொடி மட்டும் வராது.

"எல்லாம் அந்தப் பூக்கார அம்மா எடுத்துடறாங்கலா" என்று தவுக்கே தமிழும் மலாயும் கலந்து என்னிடம் அழுதார். "காலையில நான் கல்லா தொறக்குமுன்ன வந்து நிக்கிறாங்க. பெர்லிஸ் குடுத்துட்டு ஜொகூர் எடுத்துக்கிறாங்க. என் கல்லா முழுக்க பெர்லிஸ்!"

நெற்கதிர் போட்ட பெர்லிஸ் காசை யாரும் சீந்தவில்லை. பாவம், அந்த மாநிலம் என்ன பாவம் செய்ததோ. "பெர்லிஸ்ல யாருப்பா இருக்கா?" என்பார் அக்கா. "அந்த ஊருக்குப் போறவனும் இல்ல, அங்கேருந்து வர்றவனும் இல்ல. அவங்க காசு என்கிட்ட வந்தா நான் என்ன செய்வேன்?" கோயில் பொருளாளர் ஒருநாள் கடைக்கே வந்து, உண்டியலைத் திறந்தால் மஞ்சள் வாடைதான் வருகிறது, வங்கியில் எண்ணும் இயந்திரம் மஞ்சள் பூசிய காசைத் துப்புகிறது என்று சண்டை போட்டார். அக்கா அவருக்கும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார், ரத்த அழுத்தம் குறைய. "எந்த ஸ்டேட்டு?" என்று நான் கேட்டேன். "அவருக்கு எந்த ஸ்டேட்டும் வேணாம், சாதாக் காசு போதும்" என்றார்.

ஒருமுறை பக்கத்து ஊரான ரெங்கத்திலிருந்து ஒரு மருமகன் வந்தான். மாமியார் பினாங்கிலிருந்து வந்தவர், வந்ததிலிருந்து கிளம்பும் பேச்சே இல்லையாம். பினாங்குக் காசு கட்டினால் கிளம்பிவிடுவார் இல்லையா என்று பவ்யமாகக் கேட்டான்.

"அந்தம்மாவ கேட்டீங்களா?"

"அவங்கள எதுக்குக்கா கேக்கணும்?"

"ஏம்ப்பா, ஆத்தா என்ன லோரி ஓட்டுறாளா, நீ சொன்ன சாமான ஏத்திக்கிட்டுப் போறதுக்கு? ஆள் சம்மதிக்கணும்."

அத்தோடு விட்டிருந்தால் அவர் பூக்கடை அக்காவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைத் தவுக்கே பார்வையில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறி ரெங்கத்துக்குப் போய் அந்த மாமியாரையே விசாரித்தார். அடுத்த வாரம் அந்தம்மா நேரில் குளுவாங்குக்கு வந்து, தானே ஒரு ஜொகூர்க் காசைக் கட்டச் சொன்னார். நிரந்தரமாக இங்கேயே இருக்க வேண்டுமாம். ஒரே கயிற்றில் மருமகனின் பினாங்கும் மாமியாரின் ஜொகூரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. சம்மதம் இல்லாவிட்டாலும் மருமகனுக்கு மனசு ஆற வேண்டும் என்று அவனுடையதையும் கட்டிவிட்டாராம்.

"ரெண்டும் எப்படிக்கா நடக்கும்?"

"அது ஆத்தா பாடு."

யார் வேண்டுதல் பலித்தது என்று கேட்பீர்கள். மாமியார் இன்னும் ரெங்கத்தில்தான் இருக்கிறார். மருமகன்தான் பினாங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

அந்த மாமியாருக்குப் பேச்சில் கடிவாளம் கிடையாது. அன்று முடிச்சுக் கட்டி முடிந்ததும், கடையில் ஆட்கள் நிற்கும்போதே, "ஊருக்கெல்லாம் கட்டுறியே, ஒன் மகனுக்கு ஏன் கட்டல?" என்று போட்டு உடைத்துவிட்டார். நான் சட்டென்று வாளியைப் பார்த்தேன். தவுக்கே கூட உள்ளே போய்விட்டார். அக்காவுக்கு ஒரே மகன். லோரி ஓட்டுபவன். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன் திரும்பவில்லை, போனும் இல்லை. எல்லாருக்கும் தெரியும், யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அக்கா நாரை வாயில் கடித்து இழுத்து அறுத்தார். "அவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சாத்தானே கட்டுறதுக்கு? அட்ரஸ் இல்லாத லெட்டரு எங்க போகும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை முழம்?" என்றார். அன்றைக்கே இதை மனைவியிடம் போனில் சொன்னேன். "நீங்க அந்த அக்காகிட்ட கொஞ்சம் நல்லாப் பேசுங்க, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க" என்றாள்.

என் கதைக்கு வருகிறேன். மனைவி சரவாக்கில், பிந்துலு ஊரில் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. கல்யாணமான கையோடு போஸ்டிங் வந்துவிட்டது. மாற்றலுக்கு எழுதிப் போடுவாள், 'கவனத்தில் கொள்ளப்படும்' என்று பதில் வரும். கவனத்தில் கொண்டவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. நான் இங்கே மீ கோரேங்கும் மெகியும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறை, "நீங்க இங்க வரலாம்ல?" என்று கேட்டாள். நான் ஏதோ கேட்கக்கூடாத கெட்ட வார்த்தையைக் கேட்டுவிட்ட மாதிரி குதித்தேன். ஜொகூர்க்காரன் எதற்கு ஜொகூரை விட்டுப் போக வேண்டும்? ஊரே ஜொகூருக்கு வர முடிச்சுப் போடுகிறது, நான் போவதா?

அக்கா என் கேசைத் தனிக் கவனத்தோடு எடுத்துக்கொண்டார். கடல் தாண்டிய கேசு என்பதால் ஒற்றைக் காசு போதாது, அனுப்புநர், பெறுநர் இரண்டும் வேண்டுமாம். இருவாச்சி ஒன்று, மிளகுக் கொடி ஒன்று. கீழே அனுப்புநர் சரவாக், மேலே பெறுநர் ஜொகூர். அந்த அரிய மிளகுக் கொடியை எனக்காக டப்பாவிலிருந்து எடுத்ததைப் பார்த்த தவுக்கே, "அலமாக், இவருக்கு மட்டும் ரெண்டு காசா!" என்று பொறாமைப்பட்டார்.

"சொல்லுங்க தம்பி, என்ன வேணும்? தெளிவா, வாய்விட்டு."

"நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கணும்" என்றேன், வெட்கத்தோடு.

அக்கா துணியை மடிக்கும் நேரத்தில் ஒரு கல்யாணக்காரர் வந்து மாலைக்குப் பேரம் பேசினார். அக்கா அவரோடு வாயால் சண்டை போட்டுக்கொண்டே கையால் என் முடிச்சைப் போட்டுத் தொங்கவிட்டார்.

சில மாதங்களில் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. பதவி உயர்வு. இடம், பிந்துலு.

நான் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பூக்கடைக்குப் போனேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முடிச்சையெல்லாம் நம்பாதவன் எதற்கு முடிச்சுப் போட்டவரிடம் சண்டைக்குப் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அக்கா கடிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், கயிற்றிலிருந்து என் முடிச்சைக் கழற்றினார், மெதுவாக அவிழ்த்தார். மேலே இருவாச்சி உட்கார்ந்திருந்தது.

"ஐயோ ஆத்தா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் பாவி மாலைக்குப் பேரம் பேசினானே, அப்ப மடிச்சது திரும்பிருச்சு தம்பி. ஜொகூர்லேருந்து சரவாக்குக்குன்னு போயிருச்சு. அவ என்ன பண்ணுவா, போட்ட அட்ரஸுக்குக் கரெக்டா அனுப்பிட்டா."

தவுக்கே கோப்பிக் கரண்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். வாங்க வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "சரியா வேலை செஞ்சிருக்கு பாருங்க" என்று பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"இப்ப நான் என்னக்கா பண்றது?"

அக்கா இரண்டு காசையும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி, நீங்க என்ன கேட்டீங்க? ஜொகூர் வேணும்னா கேட்டீங்க? ஒரே வீட்ல இருக்கணும்னுதானே கேட்டீங்க?"

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று மாலை மனைவிக்குப் போன் செய்து செய்தியைச் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். அழுதுகொண்டிருந்தாள். "நெஜமாவே வர்றீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு நான் ஜொகூர் வீரம் பேசவில்லை.

கிளம்புவதற்கு முன் காசுகளை உண்டியலில் போட்டுவிட்டு விடைபெறப் போனேன். அக்கா பலகைக்குக் கீழேயிருந்து ஒரு பெரிய மஞ்சள் மூட்டையை எடுத்து என் கையில் வைத்தார். கனத்தது. அவிழ்த்தால் அத்தனையும் மிளகுக் கொடி. ஊரே தேடிய ஜொகூர்க் காசு, மஞ்சள் அப்பிக்கொண்டு என் கையில் கிடந்தது.

"எதுக்குக்கா இவ்வளவு? எனக்கு வேண்டுதல் முடிஞ்சுருச்சே!"

"முடிஞ்சு வெக்க இல்ல தம்பி. செலவு பண்ணுங்க. அங்க போய்ச் செலவு பண்ணுங்க. மீன் வாங்குங்க, கோப்பி குடிங்க, பெட்ரோல் கடையில குடுங்க. ஒரே எடத்துல குடுத்துடாதீங்க, பிரிச்சுப் பிரிச்சுக் குடுங்க."

எனக்குப் புரியவில்லை. அக்கா ஜெர்சியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். பூவையும் என்னையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசினார்.

"அன்னைக்கு என் மகன் லோரிக் கம்பெனி மாறப் போறேன்னு நின்னான். நான் வேணாம்னேன். வார்த்தை முத்திப் போச்சு. 'எங்கயாவது போய்த் தொலை'ன்னுட்டேன். நல்லா கவனிங்க தம்பி, எங்கயாவதுன்னேன். ஆத்தா காதுல விழுந்துருச்சு. எங்கயாவது போயிட்டான். எங்கன்னு எனக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல போல."

தவுக்கேயின் கடையில் கண்ணாடி டம்ளர்கள் கழுவும் சத்தம் கேட்டது. நான் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவன் அட்ரஸு எனக்குத் தெரியாது. சரி, என் அட்ரஸையாவது அவனுக்கு அனுப்பலாம்ல? ஊர விட்டு யார் போனாலும் இதைத்தான் குடுத்து அனுப்புறேன். கிளந்தானுக்கு அந்தத் தையல்காரர் மவகிட்ட, கெடாவுக்கு மீன் லோரிக்காரன்கிட்ட. காசு ஒரு எடத்துல நிக்காதுல்ல தம்பி? என்னைக்காவது ஒரு நாளு, கோப்பி குடிச்சுட்டு மிச்சம் வாங்குறப்ப அவன் கையில ஜொகூரு வரும். பாத்தா வீட்டு ஞாபகம் வராதா?"

ஊரில் ஜொகூர்க் காசு இல்லாமல் போனதற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முடிச்சுகளில் இருந்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் நாடு முழுவதும் ஒருவனைத் தேடிப் போயிருந்தது. "நான் பாத்துக்கிறேங்கா" என்றேன்.

சனாய் விமான நிலையத்தில் மூட்டை மாட்டிக்கொண்டது. சோதனை மேசையில் இருந்த மலாய்க்காரப் பெண் அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஜொகூரா! எனக்கு ஒண்ணு கூடக் கிடைக்கலையே, மாத்திக்கலாமா?" என்று மலாயில் கேட்டாள். வேறு எதுவாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். "இது ஒரு தாயோட நியாட்" என்றேன், வேண்டுதல் என்பதற்கு மலாய்ச் சொல். அவள் உடனே மூட்டையைப் பழையபடி கட்டி இரண்டு கையாலும் கொடுத்தாள். எலும்பை மட்டுமே நம்புகிறவன் வாயில் வேண்டுதல் என்ற வார்த்தை எப்படி வந்தது என்று விமானத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன்.

பிந்துலுவில் நான் செலவழித்த மாதிரி யாரும் சில்லறை செலவழித்திருக்க மாட்டார்கள். ஒரு கடையில் மீன், இன்னொரு கடையில் கீரை, மூன்றாவது கடையில் எலுமிச்சை. "ஒரே கடையில வாங்குனா கார்ல பெட்ரோல் மிஞ்சும்" என்று மனைவி முணுமுணுப்பாள். பிறகு அவளே, "இன்னைக்கு லோரி நிக்கிற எடத்துல கோப்பி குடிக்கலாமா?" என்பாள். கோப்பி படுமோசம். நாங்கள் அங்கே உட்கார்ந்து லோரி ஓட்டுநர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அக்காவின் மகனை நாங்கள் இருவரும் பார்த்ததே இல்லை. அக்காவின் மூக்கு இருக்கிறதா என்று தேடுவோம். ஒருமுறை ஒரு ஓட்டுநர் எழுந்து வந்து, "என் முகத்துல என்ன இருக்கு?" என்று மிரட்டிவிட்டுப் போனார்.

அடுத்த தீபாவளிக்கு ஊருக்கு வந்தோம். பூக்கடைக்குப் போனால், பலகைக்குப் பின்னால் ஒரு மலை நின்றுகொண்டு சாமந்தியை நாரில் கோத்துக் கொலை செய்துகொண்டிருந்தது. அந்த ஜெர்சி இப்போது அந்த மலையின் வயிற்றில் பிதுங்கிக்கொண்டிருந்தது. மூக்கைப் பார்த்தேன். அக்காவின் மூக்கேதான்.

"தம்பி! வந்துட்டான் பாத்தீங்களா!" என்று அக்கா கோப்பிக் கடைக்குள்ளிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். "எங்க இருந்திருக்கான் தெரியுமா? பெர்லிஸ்ல! பாடாங் பெசார்ல! ஆளே போகாத ஊருன்னு அந்த ஒரு ஸ்டேட்டுக்கு மட்டுந்தான் நான் காசே அனுப்பல தம்பி!"

"அப்புறம் எப்படிக்கா காசு வேலை செஞ்சுது?"

"என்ன கேள்வி கேக்குறீங்க? கெடாவுல விட்ட காசு பக்கத்துல இருக்குற பெர்லிஸுக்கு ஓடாதா? அதுக்கென்ன பாஸ்போர்ட்டா வேணும்?"

தவுக்கே பெருமையோடு தலையாட்டினார். கல்லாவில் தேங்கிய பெர்லிஸ் காசுகளையெல்லாம் அவர் இப்போது அதிர்ஷ்டம் என்று தனி ஜாடியில் போட்டு வைத்திருந்தார். அக்கா என் மனைவியின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சி, அவள் தலையில் பூ வைக்க ஆரம்பித்த சமயம் பார்த்து, மகன் என் பக்கம் குனிந்தான்.

"அண்ணே, என் அடையாளக் கார்டு, ஐசி, தொலைஞ்சு போச்சுண்ணே. புதுசு எடுக்கப் போனா பொறந்த சர்டிபிகேட் கேட்டாங்க. அது அம்மாகிட்ட இருந்துச்சு. அதுக்குத்தான் போன் பண்ணேன். ஏசுவாங்கன்னு பயந்து நடுங்கிக்கிட்டு இருந்தேன். எடுத்து, என் குரலைக் கேட்டதும், அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"'எந்த ஸ்டேட்டுடா?'ன்னு." அவன் சாமந்தியைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். "பஸ் ஏறி வந்துட்டேண்ணே."

"ஜொகூர்க் காசு ஏதாவது கையில வந்துச்சா?"

"பாத்ததே இல்லண்ணே. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

நான் ஏன் சொல்லப் போகிறேன்? பூவுக்குப் பணம் கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை. அதற்குப் பதில் பலகைக்குக் கீழே குனிந்து, பழையபடி ஒரு மஞ்சள் மூட்டையை எடுத்து என் கையில் திணித்தார். அத்தனையும் மிளகுக் கொடி.

"இன்னும் எதுக்குக்கா? அவன்தான் வந்துட்டானே!"

அக்கா என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏன் தம்பி, என் பிள்ளை ஒருத்தன்தான் போனானா?"